டெர்பியில் கேமராவோடு முதல் வருஷம்

கேள்வி இதுதான்: "டெர்பிக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. சென்னையில் மொபைலில்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்து செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கினேன். வார இறுதிகளில் சுற்றுவட்டாரத்தையும் இங்கே நடக்கும் விழாக்களையும் எடுக்க ஆசை. என்ன லென்ஸ் வாங்கலாம்? தெருவில் ஆட்களை எடுத்தால் பிரச்சினை வருமா? எந்த இடங்களுக்குப் போகலாம்?"

நான் இங்கிலாந்தின் இந்தப் பக்கம் வந்து பதினாறு வருஷம். தொழில் வேறு, ஆனால் கேமரா இல்லாமல் ஒரு சனிக்கிழமையும் கழிந்ததில்லை. லென்ஸ் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. கேமராவோடு வந்த லென்ஸே முதல் ஆறு மாதத்துக்குப் போதும். அப்புறமும் ஏதாவது வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், 35 எம்எம் அளவில், எஃப் 2 வரை திறக்கிற, அதாவது குறைந்த வெளிச்சத்திலும் நிறைய ஒளியை உள்ளே விடுகிற சின்ன லென்ஸ் ஒன்று வாங்குங்கள். இந்த ஊர் விழாக்களில் பாதி மேகமூட்டத்தில் நடக்கின்றன, மீதி இருட்டில். பெரிய ஜூமுக்கு ஒதுக்கிய காசில் நல்ல மழைக்கோட்டும் தண்ணீர் இறங்காத பூட்ஸும் வாங்கினால், ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கலாம். அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தில்தான் எனக்குப் பிடித்த படங்களில் பாதி கிடைத்திருக்கின்றன.

வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சென்னையிலிருந்து வந்தவர் முதலில் தடுமாறுவது அதில்தான். டெர்பி 53ஆவது அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. டிசம்பர் கடைசியில் உச்சிவேளையில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 14 டிகிரி உயரத்தை எட்டாது. அதே நாளில் சென்னையில் 53 டிகிரிக்கு மேல் நிற்கும். அதனால் இங்கே குளிர்காலத்தில் வெயில் வருகிற நாளில், மதியம் 12 மணிக்கே நம் ஊர்ச் சாயங்கால வெயில் போல நிழல் நீளமாக விழும். செங்கல் சுவரில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியும். ஆனால் நான்கு மணிக்குள் இருட்டிவிடும். ஜூனில் இரவு 9.30 வரை சூரியன் மறையாது. மேகமூட்ட நாள் முகங்களுக்கு ரொம்ப நல்லது, கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழாது. அன்றைக்கு வானத்தை மட்டும் படத்தில் சேர்க்காதீர்கள், வெறும் வெள்ளைத்தாளாக விழும். இன்னொன்று: குளிரிலிருந்து நேராக பப்புக்குள் நுழைந்தால் லென்ஸ் பனித்துவிடும். வெளியிலேயே பையில் வைத்து ஜிப்பை மூடி, உள்ளே போய் இருபது நிமிஷம் கழித்து எடுங்கள். துணியால் துடைத்துப் பயனில்லை.

இருட்டில் எடுக்கப் பழக வேண்டும் என்றால் டெர்பி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஜோசப் ரைட் இந்த ஊர்க்காரர், 1734இல் பிறந்த ஓவியர், மெழுகுவர்த்தி வெளிச்சத்தை வரைந்தே பேர் வாங்கியவர். கோள்கள் சூரியனைச் சுற்றுவதைக் காட்டும் ஒரு கருவியைச் சுற்றி ஆட்கள் குனிந்து நிற்கும் ஓவியம் ஒன்று அங்கே இருக்கிறது. சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விளக்கு எரிகிறது. ஆனால் விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் முதுகு காட்டி நிற்கும் ஓர் உருவம் அதை மறைக்கிறது, மற்றவர்களின் முகத்தில் மட்டும் அந்த வெளிச்சம் தெறிக்கிறது. தீப்பந்த ஊர்வலம் எடுத்தாலும், தீபாவளிக்கு லெஸ்டரில் பெல்கிரேவ் சாலை விளக்குகளை எடுத்தாலும் இதையே செய்யுங்கள். வெளிச்சத்தை ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு முகங்களைப் பாருங்கள். பத்து வீடியோ பார்ப்பதைவிட அந்த ஓவியத்தின் முன்னால் கால் மணி நேரம் நிற்பது எனக்கு உதவியது.

சட்டம். பொது இடத்தில் நின்று படம் எடுக்க இங்கிலாந்தில் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. தெருவில் போகிறவரைப் படம் எடுப்பது குற்றம் இல்லை. கட்டடங்களையும் பொது இடத்தில் நிரந்தரமாக வைத்த சிலைகளையும் எடுக்கலாம், வெளியிடலாம். 1988ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆவது பிரிவு இதைத் தெளிவாக அனுமதிக்கிறது. சுவரோவியங்கள் இந்தப் பிரிவில் வராது என்பதை நினைவில் வையுங்கள். தனியார் இடம் என்றால் கதை வேறு: ஷாப்பிங் சென்டர், தேவாலயத்தின் உட்புறம் போன்ற இடங்களில் உரிமையாளர் வைத்ததுதான் விதி. ஒருமுறை ஒரு வணிக வளாகத்தில் கண்ணாடிக் கூரையை எடுத்துக்கொண்டிருந்தபோது காவலாளி வந்து, எடுத்ததை எல்லாம் அழிக்கச் சொன்னார். நிறுத்தச் சொல்லவும் வெளியே போகச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. அழிக்கச் சொல்ல உரிமை இல்லை. போலீசாருக்கே நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அந்த அதிகாரம் கிடையாது. "எடுப்பதை நிறுத்திவிட்டேன், கிளம்புகிறேன்" என்று அமைதியாகச் சொன்னேன், அத்தோடு முடிந்தது. குரலை உயர்த்தாதீர்கள். குழந்தைகள் விஷயத்தில் சட்டம் என்ன சொன்னாலும் சரி, பெற்றோரைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. யாராவது வேண்டாம் என்று கை காட்டினாலும் அப்படித்தான், கேமராவை இறக்கிவிடுங்கள்.

சரி, எந்த இடங்களுக்குப் போகலாம்? இந்தக் கேள்விக்கு எல்லாரும் ஒரு பட்டியலை நீட்டுவார்கள்: க்ளஸ்டர்ஷரில் மலைச்சரிவில் பாலாடைக்கட்டியை உருட்டிவிட்டுத் துரத்துவது, நவம்பர் 5 லூயிஸ் நகரத் தீ ஊர்வலம். நல்ல விழாக்கள்தான். ஆனால் முதல் வருஷம் அங்கே போனால் உங்களுக்குக் கிடைப்பது உங்களுக்கு முன்னால் நிற்பவர் தூக்கிப் பிடித்த போனின் படம். நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: எத்தனை தடவை போவது? என் பதில் எல்லாம் அதில்தான் இருக்கிறது. முப்பது இடத்துக்கு ஒருமுறை போவதைவிட மூன்று இடத்துக்குப் பத்துமுறை போங்கள். டெர்பியிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் அந்த மூன்றும் இருக்கின்றன.

முதலாவது டிசிங்டன். ஆஷ்போர்னுக்கு வடக்கே இருக்கும் சின்னக் கிராமம். ஈஸ்டர் முடிந்து ஆறாவது வியாழக்கிழமை, இயேசு விண்ணேறிய திருநாளன்று, ஊரின் ஆறு கிணறுகளுக்கும் அலங்காரம் செய்வார்கள். 1349இல் கொள்ளைநோய் நாட்டையே அழித்தபோது இந்தத் தண்ணீரால் ஊர் பிழைத்தது என்று ஒரு கதை, 1615இல் பெரும் வறட்சியிலும் இந்தக் கிணறுகள் வற்றவில்லை என்று இன்னொரு கதை. அலங்காரம் என்றால் தோரணம் இல்லை. ஆளுயரத்துக்கும் மேலான பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, அதில் பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்தி, வேதாகமக் காட்சி ஒன்றை உருவாக்குவார்கள். நம் பூக்கோலத்தைத் தூக்கிச் சுவராக நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி.

முதல் வருஷம் நான் விழா நாளன்று போனேன். ஆறு கிணறுகளுக்கும் முன்னால் நேராக நின்று ஆறு படங்கள் எடுத்தேன். அஞ்சலட்டையில் இருப்பது மாதிரியே வந்தன, என்னுடையது என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை. அடுத்த வருஷம் மூன்று நாள் முன்னதாகப் போனேன். ஒரு கொட்டகையில் ஏழெட்டுப் பேர் பலகையைக் கிடையாக வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டேன். "வாங்க, ஆனா சும்மா நிக்கக் கூடாது" என்றார் ஒரு பாட்டி. ஹைட்ரேஞ்சியா இதழ்கள் நிறைந்த ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை என் கையில் கொடுத்தார். கேமரா கழுத்திலேயே தொங்கியது, முதல் ஒரு மணி நேரம் இதழ் பிரித்துக் கொடுத்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் பார்த்ததுதான் என்னைப் படம் எடுக்க வைத்தது. முதலில் கோடுகள்: காகிதத்தில் வரைந்த உருவத்தைக் களிமண் மேல் விரித்து ஊசியால் குத்திக் குத்திப் புள்ளிகளாக இறக்குகிறார்கள். அந்தப் புள்ளிகளின் மேல் ஆல்டர் மரத்தின் குட்டிக் கறுப்புக் காய்களை வரிசையாகப் பதிக்கிறார்கள். அதற்குள்தான் இதழ்கள். பாட்டி கட்டைவிரல் நகத்தால் இதழின் அடிப்பகுதியை மட்டும் களிமண்ணுக்குள் தள்ளினார். கீழிருந்து தொடங்கி மேலே போனார், ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைப் பாதி மூடியது. நான் மேலே ஒரு மூலையில் வைக்கப் போனபோது கையைத் தடுத்தார். மழை பெய்தால் கூரை ஓடு மாதிரி தண்ணீர் வழிந்து போக வேண்டுமாம், மேலிருந்து வைத்தால் இதழுக்கு அடியில் தண்ணீர் இறங்கிவிடுமாம். விரல்களின் கோடுகளில் களிமண் காய்ந்து வெடித்திருந்தது, நகத்தடியில் நீலம் ஏறியிருந்தது. வாசல் வழியாக வந்த மேகமூட்ட வெளிச்சம் அந்தக் கையில் மட்டும் விழுந்தது. எழுந்து நின்று கேட்டேன், தலையாட்டினார். ஒரே படம். பதினாறு வருஷத்தில் நான் எடுத்ததில் அதைத்தான் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

இரண்டாவது ஆஷ்போர்ன். தவக்காலத்துக்கு முந்திய செவ்வாயும் அடுத்த சாம்பல் புதனும், பெரும்பாலும் பிப்ரவரியில், ஊரே ஆடும் கால்பந்து. கோலுக்கும் கோலுக்கும் மூன்று மைல் தூரம். ஹென்மோர் ஓடைக்கு வடக்கே பிறந்தவர்கள் அப்பர்ட்ஸ், தெற்கே பிறந்தவர்கள் டவுனர்ட்ஸ். மதியம் 2 மணிக்கு ஒரு கார் நிறுத்துமிடத்தில் பந்தைத் தூக்கிப் போடுவார்கள், ஆட்டம் இரவு 10 மணி வரை போகலாம். பந்து தோல் பந்து, உள்ளே கார்க் துகள் நிரப்பியிருக்கும், ஓடையில் விழுந்தாலும் மிதக்கும். பெரும்பாலும் பந்து யார் கண்ணுக்கும் தெரியாது. நூற்றுக்கணக்கானோர் ஒருவரை ஒருவர் அணைத்துக்கொண்டு தள்ளும் கூட்டம்தான் தெரியும், அதை ‘ஹக்’ என்பார்கள். கடைகள் எல்லாம் கண்ணாடிக்கு மேல் பலகை அடித்திருக்கும்.

அந்தப் பலகைகள் எதற்கு என்று யோசிக்காமல் முதல் வருஷம் ஒரு குறுகிய சந்தில் பலகைமேல் சாய்ந்து நின்றேன். ஹக் திரும்பியது. நெஞ்சு அழுந்தி மூச்சு வாங்க முடியவில்லை, லென்ஸின் ஃபில்டர் உடைந்த சத்தம் காதில் விழுந்தது. முன்பின் தெரியாத ஒருவர் என் கோட்டுக் காலரைப் பிடித்து ஒரு வாசல்படி மேல் இழுத்துவிட்டார். அன்றைக்கு நடுங்கிய கைகளால் எடுத்த படங்கள் எதுவும் தேறவில்லை. இப்போது நான் எப்போதும் இரண்டு பக்கமும் வழி இருக்கிற முனையில்தான் நிற்பேன், பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரரிடம் "எந்தப் பக்கம் உடையும்?" என்று கேட்டுக்கொள்வேன். அவர்களுக்குத் தெரியும். ஹக் ஒரே இடத்தில் இருபது நிமிஷம் அசையாமல் நிற்கும்போது அவசரப்படாதீர்கள். பிப்ரவரிக் குளிரில் அத்தனை உடம்புகளிலிருந்தும் ஆவி கிளம்பித் தெருவிளக்கு வரைக்கும் ஏறும். ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு, ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 6400, நிற்கக் கொஞ்சம் உயரமான படி ஒன்று. அதுதான் ஆஷ்போர்ன்.

மூன்றாவது, ஸ்டாஃபோர்ட்ஷர் எல்லைக்குள் ஆபட்ஸ் ப்ரோம்லி. செப்டம்பர் 4க்குப் பிறகு வரும் முதல் ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை, காலை 8 மணி வாக்கில் தேவாலயத்திலிருந்து ஆறு ஜோடிக் கலைமான் கொம்புகளை இறக்குவார்கள். கார்பன் சோதனையில் 11ஆம் நூற்றாண்டு என்று தெரிந்த கொம்புகள். பெரியது 11 கிலோவுக்கு மேல். அதைத் தோளில் தாங்கிக்கொண்டு ஆறு பேர், கூடவே கோமாளி, பொய்க்குதிரை, வில்லாளி, ராபின் ஹூட் கதையில் வரும் மெய்ட் மேரியன் எல்லாரும் நாள் முழுக்கப் பண்ணை பண்ணையாகச் சுமார் பத்து மைல் ஆடிக்கொண்டே நடப்பார்கள். காலையில் கூட்டம் குறைவு. நீங்கள் திங்கட்கிழமை லீவு போட வேண்டியிருக்கும், போடுங்கள்.

இந்த ஊரைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே நடனக்காரர்களை ஒருவர் கண்ணாடித் தட்டில் படம் எடுத்தார். பெஞ்சமின் ஸ்டோன், 1838இல் பிறந்தவர், பர்மிங்காம்காரர். கண்ணாடித் தொழிற்சாலை வைத்திருந்தார், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். புகைப்படம் அவருக்கு வருமானம் தந்த தொழில் இல்லை, நம் மாதிரி ஆசைக்காரர். ஊர் ஊராகப் போய் விழாக்களையும் வழக்கங்களையும் எடுத்தார். பிற்காலத்தவர் பார்க்க வேண்டும் என்றே எடுத்தார், நிறம் மங்காமல் இருக்கப் பிளாட்டினம் அச்சு போட்டார். 1897இல் நாடு முழுவதும் அமெச்சூர்களைச் சேர்த்து, படங்களைத் திரட்டி பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுக்க ஒரு சங்கமே தொடங்கினார். 1910இல் அது கலைந்தது. அவர் எடுத்தவற்றில் சுமார் 22,000 படங்கள் இன்றும் பர்மிங்காம் நூலகத்தில் இருக்கின்றன. அவருடைய படத்தில் கொம்புக்காரர்கள் வரிசையாக அசையாமல் நின்று கேமராவைப் பார்க்கிறார்கள். ஆட்டம் அதில் இல்லை. ஆனால் யார் எந்த உடை போட்டிருந்தார், முகம் எப்படி இருந்தது என்பது அப்படியே இருக்கிறது. கொம்பு அன்றும் அதே கொம்பு. அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அங்கே போங்கள், உங்கள் படம் எதைச் சொல்ல வேண்டும் என்று தானாகத் தெரியும்.

ஸ்டோனிடம் நான் கற்றுக்கொண்டது குறிப்பு எழுதுவது. நாள், ஊர், தெரு, என்ன நடக்கிறது: வீட்டுக்கு வந்த அன்றே எழுதிவிடுங்கள், மறுவாரம் மறந்துவிடும். மூடப்போகிற கடை, இடிக்கப்போகிற சுவர், பஸ் நிறுத்தம் எல்லாம் எடுத்து வையுங்கள். இவற்றைச் சேர்த்து வைக்கவும் இடம் இருக்கிறது. ஜியோகிராஃப் என்ற திட்டம் 2005இலிருந்து நடக்கிறது, நாட்டின் வரைபடத்தை ஒரு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் படம் சேர்க்கிறார்கள். உங்கள் வீட்டுச் சதுரத்திலிருந்தே தொடங்கலாம். டெர்பியில் 1884இல் தொடங்கிய புகைப்படச் சங்கமும் இருக்கிறது. வாராவாரம் சந்திப்புக்குப் போய் உட்கார்ந்தால் விழாத் தேதிகள் காதில் விழும்.

உள்ளூர் விழா என்றால் நூற்றாண்டுப் பழைய வெள்ளைக்காரர் விழா மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரலில் வைசாகிக்கு டெர்பி சீக்கியர்கள் நடத்தும் நகர் கீர்த்தன் என்ற பக்திப் பாடல் ஊர்வலமும் இந்த ஊரின் விழாதான். தலையை மூடிக்கொண்டு, ஊர்வலத்தோடு நடந்தபடியே எடுங்கள். ஆகஸ்டில் லண்டன் மேற்கு ஈலிங் கனக துர்க்கை அம்மன் கோயில் தேருக்கு ஒருதடவை கேமராவோடு போய்வாருங்கள். பக்கத்தில் நிற்கும் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் தேர் நகர்ந்த பிறகு ஓடுவார். வடத்தில் கைகள் இறுகும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும், தேங்காய் உடைக்கக் கை ஓங்கும் முன்பே நீங்கள் அங்கே குனிந்திருப்பீர்கள். அடுத்த நொடி என்ன என்று அந்த விழாவுக்குள் வளர்ந்ததால் தெரிகிறது. ஆஷ்போர்னில் அந்த அறிவு நமக்கு இல்லை, திரும்பத் திரும்பப் போய்த்தான் சம்பாதிக்க வேண்டும்.

இப்போது என்ன செய்யலாம்? மே மாதம் டிசிங்டனுக்கு வேலை நடக்கும் நாட்களிலேயே போங்கள். ஆஷ்போர்ன் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து டிசிங்டன் டிரெயில் என்ற பழைய ரயில் பாதையில் நடக்கலாம், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். தொடக்கத்திலேயே ஒரு சுரங்கம் வரும், உங்கள் லென்ஸ் இருட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்று அங்கேயே சோதித்துக்கொள்ளலாம். கொட்டகையில் முதலில் கையைக் கொடுங்கள், கேமரா அப்புறம். வீட்டுக்கு வந்ததும் ஐந்து படத்தை ஆறுக்கு நான்கு அளவில் பிரிண்ட் போடுங்கள், பின்பக்கம் தேதி எழுதுங்கள். அடுத்த வருஷம் வரை வைத்திருக்காமல் ஜூனிலேயே அந்தக் கொட்டகைக்காரர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.